எண்ணிச் சுடுக

பொங்கல் விடுமுறைக்குக் கொல்லங்கோட்டிலுள்ள மாமா வீட்டிற்குச் சென்றிருந்தேன். ஊரை அறியாத நண்பர்களுக்காக இரண்டொரு சொல். பொள்ளாச்சியிலிருந்து புறப்பட்டுக் கோவிந்தாபுரம் எல்லையைத் தாண்டினால் முதலமடையின் மாந்தோப்புகள். அவற்றையும் கடந்தால் கொல்லங்கோடு. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமையும்வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர் அது. இன்று கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. தெற்கே நெல்லியாம்பதி மலை மதிலெனச் சூழ்ந்து நிற்க, அதன் அடியில் வயல். வயல் வரப்பில் பனை. இந்தக் காட்சியைப் படம் பிடிப்பதற்கென்றே இப்போதெல்லாம் வெளியூர்க்காரர்கள் கார் காராக வருகின்றனர். பொழுது சாய்ந்ததும் அவர்கள் போய்விடுவார்கள். அதன்பிறகு வருகிற விருந்தினரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இரண்டாம் போகம் கதிர் முற்றிக்கொண்டிருந்த நேரம். மாமா இரவெல்லாம் வயலில் காவல் இருந்தார். நானும் இரண்டு இரவு உடனிருந்தேன். வயலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டியிருந்தார். தகர டப்பா ஒன்று, பட்டாசு ஒரு கட்டு, டார்ச் விளக்கு ஒன்று. இவையே அவருடைய படைக்கலங்கள். முதல் இரவு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் இரவு மூன்று மணியளவில் கண்ணயர்ந்தோம். விடிந்து பார்த்தால், கிழக்கு மூலையில் கால் ஏக்கருக்குக் குறையாத பயிர் பாயாக விரிந்து கிடந்தது. பன்றி தின்றது கொஞ்சம். புரண்டு அழித்ததே மிகுதி. "தின்னுட்டுப் போனாக்கூட மனசு ஆறும்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமா வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

நம் பழந்தமிழ்ப் புலவர்கள் இந்தப் பன்றியை நன்கறிவர். தினைப்புனத்தில் மேய வரும் பன்றி, பல்லியின் குரலைக் கேட்டுச் சகுனம் பார்த்தே உள்ளே நுழையும் என்று சங்கப் பாடல்களில் காண்கிறோம். பரண்மீதிருந்து கவண் வீசிய குறமகளுக்குப் பதிலாக இன்று தகர டப்பாவுடன் என் மாமா இருக்கிறார். பன்றிதான் சகுனம் பார்ப்பதை விட்டுவிட்டது போலும்!

"சுட்டுவிடுவதுதானே?" என்று நகரத்து நண்பர்கள் கேட்கக்கூடும். சுடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. 2022 மே மாதத்தில் கேரள அரசு ஓர் ஏற்பாடு செய்தது. ஊராட்சித் தலைவர், நகராட்சித் தலைவர், மாநகர மேயர் ஆகியோரைக் கௌரவ வனவிலங்குக் காப்பாளராக நியமித்து, காட்டுக்கு வெளியே பயிரையும் உயிரையும் கெடுக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல ஆணையிடும் அதிகாரத்தை அவர்களுக்கு வழங்கிற்று. உழவன் முறையிட வேண்டும். தலைவர் ஆணையிட வேண்டும். துப்பாக்கி உரிமம் உள்ள ஒருவர் வந்து சுட வேண்டும். சுட்ட பன்றியை உண்ணாமல் புதைக்க வேண்டும். நஞ்சு வைப்பதும், வெடி வைப்பதும், மின்சாரம் பாய்ச்சுவதும் கூடா. அதற்குமுன் வன அதிகாரியின் வாசலில் காத்துக் கிடந்த நிலையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரிடம் அதிகாரம் வந்தது நல்லதே.

ஆனால் முறையீட்டிற்கும் குண்டிற்கும் இடையில் உள்ள தூரத்தை நடந்து பார்த்தவர்களுக்கே அதன் நீளம் தெரியும். துப்பாக்கிக்காரர் ஒருவர்; வயல்களோ பல. அவர் வருகிற இரவில் பன்றி வராது. பன்றி வருகிற இரவில் அவர் வேறொரு வயலில் இருப்பார். தேர்தல் வந்துவிட்டாலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிகள் பெரும்பாலும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டுவிடும். தேர்தல் தேதியைப் பன்றிக்கு அறிவிப்பார் யார்?

இந்த நினைவோடு பல்கலைக்கழகத்திற்குத் திரும்பியபோது, நூலகத்தில் அமெரிக்காவின் மான் வேட்டையைப் பற்றிப் படிக்கும் வாய்ப்புக் கிட்டியது. அந்நாட்டின் மேற்கு மலை மாநிலங்களில் ‘மியூல் டீர்’ என்றொரு மான் உண்டு. கோவேறு கழுதையின் காதைப்போல் நீண்ட காதுடையது. அதனால் அந்தப் பெயர். அதை வேட்டையாட விரும்புகிறவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறிவிட முடியாது. முதலில் அரசுக்கு விண்ணப்பம் போட வேண்டும். மாநிலத்தைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் மான் எத்தனை, அவற்றுள் ஆண் எத்தனை, பெண் எத்தனை, குளிரில் மாண்டது போகக் குட்டி எத்தனை தேறும் என்று வனவிலங்குத் துறையினர் கணக்கிடுவர். அந்தக் கணக்கை வைத்து, இந்த வட்டாரத்தில், இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை, இத்தனை ஆண் மான் என்று வரையறுத்து அத்தனை சீட்டுகளே வெளியிடுவர். கொலராடோ மாநிலத்தில் 1999 முதல் மான் வேட்டைச் சீட்டு அனைத்தும் இப்படி எண்ணி வரையறுக்கப்பட்டவையே. விண்ணப்பித்தவர் மிகுதியானால் குலுக்கல். இவ்வாண்டு சீட்டு விழாதவனுக்கு ஒரு புள்ளி. அடுத்த ஆண்டும் விழாவிட்டால் இன்னொரு புள்ளி. புகழ்பெற்ற வட்டாரங்களில் ஒரு சீட்டுக்காகப் பத்தாண்டுக்கு மேலும் புள்ளி சேர்த்துக் காத்திருப்போர் உண்டாம். நம் ஊரில் அரசு வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருப்பது போல என்று எண்ணிக்கொண்டேன்.

மான் விழுந்ததும் அந்தச் சீட்டில் நாளைக் குறித்து உடலோடு கட்டிவிட வேண்டும். ஒரு சீட்டு, ஒரு மான். சீட்டில்லாத மான் திருட்டு மான். உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்கினால் பல மாநிலங்களில் அதுவும் குற்றம். சீட்டுக் கட்டணம் வனவிலங்குத் துறையின் செலவுக்கே செல்கிறது. போதாததற்கு, 1937இல் இயற்றிய ஒரு சட்டத்தின்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் தனி வரியும் அதே காரியத்திற்குப் பயன்படுகிறது.

அமெரிக்கனின் முறை அப்பழுக்கற்றது என்று நான் கூறவில்லை. சில சீட்டுகளை ஏலத்தில் விடுகிறார்கள். லட்சக்கணக்கான டாலர் கொடுத்து ஒரே ஒரு மானைச் சுடும் உரிமையைச் செல்வர்கள் வாங்குகிறார்கள். ஏழைக்குக் குலுக்கல், பணக்காரனுக்கு ஏலம் என்பது எந்த நாட்டில் நடந்தாலும் எனக்கு உவப்பானதன்று. கொம்புக்காக உயிர் பறிக்கும் பொழுதுபோக்கும் எனக்குப் புரிவதில்லை. ஆயினும் அந்த ஏற்பாட்டில் ஒன்று என்னை நிறுத்திவிட்டது. அது எண்ணிக்கையில் தொடங்கிக் கணக்கில் முடிகிறது. நம் ஏற்பாடோ முறையீட்டில் தொடங்கிக் குழியில் முடிகிறது.

சீட்டு முறை நம் மலைகளுக்குப் புதிதா என்றால் இல்லை. நீலகிரியில் 1877இலேயே வேட்டைக்காரர் சங்கம் ஒன்று தோன்றியது. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் வாங்கியவரே கடமானைச் சுடலாம், இன்ன பருவத்தில் சுடலாகாது என்றெல்லாம் விதி செய்தனர். நமக்கு இன்னும் அருகில், இன்றைய இடுக்கி மாவட்டத்து மூணாற்றில், தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் 1928இல் ஒரு வேட்டைப் பாதுகாப்புச் சங்கம் அமைத்து, இரவிகுளம் மேட்டு நிலத்தில் வாழும் வரையாடுகளைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டனர். முதிர்ந்த கிடாக்களைச் சுட மட்டும் அளவாக உரிமம் கொடுத்தனர். காவலுக்கு முதுவர் குடியினரை அமர்த்தினர். மற்ற மலைகளில் வரையாடு அருகிப்போன காலத்திலும் இரவிகுளத்தில் அது பிழைத்து நின்றதற்கு அந்தச் சங்கமும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. 1971இல் கண்ணன் தேவன் மலை நிலத்தைக் கேரள அரசு எடுத்துக்கொண்டது. 1975இல் இரவிகுளம் சரணாலயமாயிற்று. 1978இல் தேசியப் பூங்காவாயிற்று.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, வேட்டைக்காரன்தான் விலங்கைக் காத்தான்" என்று சிலர் கைதட்டுவர். நான் அவர்களோடு பாதி வழிதான் வருவேன். அந்தச் சங்கத்தில் உரிமம் பெற்றவர் யார்? துரையும் துரையின் விருந்தாளியும். அடிச்சுவடு பார்த்து ஆட்டைக் காட்டிக்கொடுத்த முதுவர் காவற்காரராக இருந்தார், உரிமக்காரராக அல்லர். காடு யாருடைய வீட்டு முற்றமோ அவரைக் கேளாமல் செய்த கணக்கு அது. கணக்கு இருந்தது, நீதி இல்லை.

விடுதலைக்குப் பின் வந்த 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்கூட வேட்டையை உடனே ஒழித்துவிடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. பெரு விலங்கு, சிறு விலங்கு என வகுத்து உரிமம் வழங்கும் பிரிவுகள் அதில் இருந்தன. 1991ஆம் ஆண்டுத் திருத்தமே அவற்றை அகற்றியது. அன்றோடு இந்நாட்டில் விளையாட்டு வேட்டைக்குச் சீட்டு இல்லை என்றாயிற்று. அது நல்ல முடிவு. அதை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. மானுக்கும் வரையாட்டுக்கும் குலுக்கல் நடத்தும் நாள் கொல்லங்கோட்டிற்கு வரவே வேண்டாம்.

ஆனால் விளையாட்டு வேட்டையோடு சேர்த்து எண்ணும் பழக்கத்தையும் நாம் கைவிட்டுவிட்டோமோ என்பதே என் ஐயம். ஊரில் நான் கண்டவரையெல்லாம் வினவினேன்: நம் பஞ்சாயத்தில் எத்தனை பன்றி இருக்கும்? ஒருவர் ஐம்பது என்றார். இன்னொருவர் ஐந்நூறு என்றார். தேநீர்க் கடைக்காரர், "மனுசனைவிட அதுதான் அதிகம்" என்றார். சென்ற ஆண்டு சுட்டது எத்தனை என்று கேட்டேன். அதற்கும் மூவர் மூன்று விடை. எத்தனை இருக்கின்றன என்றும் தெரியாது, எத்தனை போயின என்றும் தெரியாது என்றால், சுட்டதால் குறைந்ததா என்பதை எப்படி அறிவது?

இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. அமெரிக்கன் ஆண் மானுக்குப் பெரும்பாலும் சீட்டுக் கொடுப்பது இனம் குறையாமலிருக்கும் பொருட்டு. ஆண் சில போனாலும் பெண்கள் ஈன்று நிரப்பிவிடும். பன்றியை அடக்க விரும்பும் நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. முதிர்ந்த ஆண் பன்றி தனித்துத் திரியும். பெண் பன்றிகளோ குட்டிகளோடு கூட்டமாக வாழும். ஓர் ஈற்றில் நாலைந்து குட்டிகளுக்குக் குறையாமல் ஈனும். வயலில் அகப்பட்ட தனியனைச் சுட்டுவிட்டு ஊரே மகிழ்ந்தாலும், கூட்டம் அப்படியே இருக்கும். சுட்டது ஆணா பெண்ணா, குட்டியா கிழமா என்று எழுதி வைத்து, ஆண்டு முடிவில் அதைக் கூட்டிப் பார்த்து, அடுத்த ஆண்டு எப்படிச் சுடுவது என்று முடிவு செய்யாதவரை, நாம் செலவழிக்கும் தோட்டா ஆத்திரத்திற்குப் பதிலே தவிரப் பயிருக்குப் பாதுகாப்பு ஆகாது.

இது வெறும் நெல்லின் கணக்கா? அன்று. முறையான வழி நீண்டு கிடக்கும்போது மனிதர் குறுக்கு வழி தேடுகின்றனர். அந்தக் குறுக்கு வழிக்குப் பெயர் மின்கம்பி. 2022 மே மாதம், ஊராட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் வந்த அதே மாதம், பாலக்காட்டு முட்டிக்குளங்கரைப் போலீஸ் முகாமை அடுத்த வயலில், பன்றிக்கு வைத்த மின்சாரத்தில் சிக்கிப் போலீஸ்காரர் இருவர் மாண்டனர். 2023 செப்டம்பரில் கரிங்கரப்புள்ளியில் இரண்டு இளைஞர்கள் அதேபோல் மாண்டனர். அவர்களுடைய உடல்கள் வயலிலேயே புதைக்கப்பட்டிருந்ததை ஊர் பிறகுதான் அறிந்தது. நண்பர்களே, அந்த இளைஞர்களுக்கு நம் வயதுதான் இருக்கும். பன்றியைப் புதைக்கச் சொன்ன நாட்டில் மனிதனையும் புதைத்தார்கள். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இதன் வேதனை நம்மைச் சேராது.

காட்டு விலங்குக்கும் இந்த வேலிகள் நன்மை செய்யவில்லை. 2024 மே மாதம் கொல்லங்கோட்டிலேயே முள்கம்பி வேலியில் ஒரு சிறுத்தை சிக்கியது. மயக்க ஊசி செலுத்திக் கூண்டில் ஏற்றினர். அன்றே அது உயிர்விட்டது. சிறுத்தையும் புலியும் செந்நாயும் பன்றியை உண்பவை. பன்றியைக் குறைக்கும் பணியில் ஊதியமின்றி உழைப்பவை அவை. அவற்றை வேலியில் கொன்றுவிட்டுப் பன்றி பெருகிற்றே என்று நொந்து என்ன பயன்?

இனி எல்லையைப் பற்றி ஒரு சொல். கோவிந்தாபுரம் சோதனைச் சாவடிக்கு இப்புறம் ஊராட்சித் தலைவர் ஆணையிட, உரிமக்காரர் சுடுவார். அப்புறமோ, 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி வேறு நெறி: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடலாகாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். இரண்டில் எது சிறந்தது என்று இப்போது நான் தீர்ப்புக் கூறப்போவதில்லை. தலைவருக்கு ஊரின் நெருக்கம் உண்டு. வனக் காவலருக்குப் பயிற்சி உண்டு. ஆனால் ஒரே கூட்டம் மாலையில் ஒரு மாநிலத்து மாந்தோப்பிலும் இரவில் மற்றொரு மாநிலத்துத் தென்னந்தோப்பிலும் மேயும் இடத்தில், இரு பக்கத்தாரும் ஒரு கணக்கைக்கூடப் பகிர்ந்துகொள்ளாமல் சுடுவது என்ன அறிவு?

"பன்றியை எண்ண முடியுமா? அது இரவில் திரிவது, புதரில் கிடப்பது" என்று மறுப்பவர்க்கு ஒரு செய்தி. செங்குத்துப் பாறையில் வாழும் வரையாட்டை 2025 ஏப்ரலில் கேரளமும் தமிழகமும் ஒரே நாட்களில் சேர்ந்து எண்ணின. கேரளத்தில் 1,365, தமிழகத்தில் 1,303, ஆக 2,668 என்று கேரள அரசு அறிவித்தது. பாறையில் ஏறி ஆட்டை எண்ணத் தெரிந்தவர்களுக்கு வயலில் இறங்கிப் பன்றியை எண்ணத் தெரியாதா? தலைக்குத் தலை எண்ண வேண்டியதில்லை. எந்த வயலில் எத்தனை இரவு வந்தது, எத்தனை சென்ட் போயிற்று, எத்தனை சுடப்பட்டது என்று பஞ்சாயத்துதோறும் ஒரு பதிவேடு இருந்தால், மூன்றாண்டில் ஏறுமுகமா இறங்குமுகமா என்பது பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். அந்தப் பதிவேட்டின்படியே ஆண்டுதோறும் வட்டாரத்திற்கு இத்தனை என்று வரையறை செய்யட்டும். வரையறை என்பது பன்றிக்குக் காட்டும் சலுகை மட்டுமன்று. இத்தனை குறைத்தே ஆகவேண்டும் என்று அரசின் தலையில் ஏற்றும் கடமையும் அதுவே. சுடுபவருக்குப் பயிற்சியும் கூலியும் தரட்டும். தேர்தல் காலத்திலும் அந்தப் பட்டியலில் உள்ளவர் துப்பாக்கியைத் திரும்பப் பெற வழி செய்யட்டும். அந்தப் பட்டியலில் மலையடிவாரத்துப் பழங்குடியினருக்கு முதலிடம் தரட்டும். மூணாற்றுத் துரைமார் செய்த பிழையை நாம் செய்ய வேண்டாம்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. 2025 அக்டோபரில் கேரளச் சட்டமன்றம் வனவிலங்குச் சட்டத்திற்குத் திருத்த மசோதா ஒன்றை நிறைவேற்றியது. மனிதரைத் தாக்கும் விலங்கை விரைந்து கொல்ல ஆணையிடவும், பெருகிவிட்ட விலங்கைக் கேடு விளைப்பது என மாநிலமே அறிவிக்கவும் வழி கோருவது அது. மலையோரத்து மக்களின் கண்ணீரிலிருந்து பிறந்த மசோதா என்பதால் அதை நான் இகழமாட்டேன். ஆனால் ‘பெருகிவிட்டது’ என்று சொல்ல ஓர் எண் வேண்டாமா? எண் இல்லாமல் பன்றியைப் பற்றிச் சொன்னோம். நாளை மயிலைப் பற்றிச் சொல்வோம். மறுநாள் குரங்கைப் பற்றி. நெல்லைக் கொத்தும் மயிலால் எங்கள் ஊரார் படும் பாடும் கொஞ்சமன்று. தேசியப் பறவை என்பதால் அவர்கள் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

புறப்படும் நாள் காலையில் மாமாவின் களத்து வீட்டுச் சுவரில் கரிக்கோடுகளைக் கண்டேன். பால் கணக்கு என்று நினைத்து, எவ்வளவு பாக்கி என்று கேட்டேன். மாமா சிரித்தார். "பால் இல்லடா, பன்னி. வந்த ராத்திரிக்கு ஒரு கோடு. ஆபீசுல எவனாச்சும் கேட்டா காட்டலாம்னு ரெண்டு போகமா போட்டு வெச்சிருக்கேன்." யாராவது கேட்டார்களா என்றேன். "நீதான் கேக்கற" என்றார்.

சுண்ணாம்பு அடிப்பதற்குமுன் எண்ணி என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். 41 கோடுகள்.